நிற்காத புரோட்டானும் விழித்து நின்ற நானும்

வாய் இருந்தால் எந்த மேடையிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்த ஆசாமி நான். புரோட்டான், நியூட்ரான் போன்ற பேரியான்களின் வேகம் மோதலில் குறைவதைப் பற்றிப் பேசக் கல்லூரி ஒன்றில் கூப்பிட்டார்கள். நியூயார்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ரிக் மோதுவானில் தங்க அணுக்கருக்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதவிட்டார்கள். "மோதியதும் பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடும்" என்று அடித்துவிட்டேன்.

"எவ்வளவு குறையும், சார்?" என்றாள் ஒரு மாணவி.

ரிக்கின் பிராம்ஸ் ஆய்வுக்குழு 2004இல் வெளியிட்ட கணக்கு கையில் இருந்தது. நேருக்கு நேர் மோதலில், 100 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வரும் நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) சராசரியாக 73ஐ இழக்கிறது. அப்படியானால் வேகமும் முக்கால்வாசி போச்சு என்றேன், கூசாமல். அவள் கரும்பலகையில் போட்டுக் காட்டினாள்: மிச்சம் 27 இருந்தால், ஒளிவேகத்தில் 99.996 சதவீதமாக இருந்தது 99.94 ஆகும். அவ்வளவுதான் பிரேக்! இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது என்றுதான் இயற்பியலாளர்கள் ராபிடிட்டி என்ற அளவை வைத்திருக்கிறார்கள். அதில் 5.4ஆக வருவது ஏறத்தாழ 2 இழக்கிறது. என் குறிப்பிலேயே அது இருந்தது, அடிக்கோடிட்டு.

அத்தோடு விட்டேனா? மோதலின் நடுப்பகுதியில் கிடைத்த புரோட்டான்களின் வரைபடத்தைக் காட்டி, இவையெல்லாம் தங்கத்திலிருந்து வந்தவை என்றேன். ஆனால் மோதல் ஆற்றலிலேயே புதுப் புரோட்டான்கள் பிறக்கும். பேரியான் எண் மாறாதிருக்க எதிர் பேரியான்களும் கூடவே பிறக்கும். எதிர்ப்புரோட்டான்களைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பழைய ஆள். ரிக் மோதலின் நடுப்பகுதியில் 4 புரோட்டானுக்கு ஏறத்தாழ 3 எதிர்ப்புரோட்டான். நான் பெருமையடித்த கூட்டத்தில் முக்கால்வாசி அங்கேயே பிறந்த பிள்ளைகள்.

அந்தக் கால்வாசி மட்டும் நடுவுக்கு எப்படி வந்தது? இதற்கும் நான் விழித்தேன். ஆனால் இதில் எனக்குப் பெரிய ஆட்களின் துணை உண்டு. பேரியானுக்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளில் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு பேரியான் எண்ணைச் சுமக்கிறது என்பது பாடம். வேகமான குவார்க்குகளோ முன்னே ஓடிவிடுகின்றன. மூன்றையும் பிணைக்கும் குளுவான் முடிச்சு ஒன்றை இயற்பியலாளர்கள் ரோசியும் வெனிசியானோவும் 1977இல் முன்வைத்தார்கள். பேரியான் எண் அந்த முடிச்சோடு நடுவிலேயே தங்கிவிடலாம் என்றார் இயற்பியலாளர் கார்சீவ், 1996இல். 2018இல் ரிக்கில் ருத்தீனியத்தையும் சிர்க்கோனியத்தையும் தனித்தனியே மோதவிட்டார்கள். இரண்டிலும் நியூக்ளியான் 96, புரோட்டான், அதாவது மின்னூட்டம், மட்டும் முறையே 44, 40. குவார்க்கே எல்லாம் சுமந்தால் மின்னூட்டமும் அதே விகிதத்தில் நடுவுக்கு வரவேண்டும். ரிக்கின் ஸ்டார் ஆய்வுக்குழு பார்த்ததில் பேரியான் வரத்துதான் கூடுதல்.

வழக்கு இன்னும் முடியவில்லை. தேர்வில் கேட்டால் இப்போதைக்குக் குவார்க் என்றே எழுதுங்கள். மதிப்பெண் அதற்குத்தான்.