ஒன்றும் பண்ணாது

பெறுநர்: ஏரிக்கரை நடைபாதையைக் கட்டிக்காக்கும் மாண்புமிகு அலுவலகம்.

பொருள்: ஓடுவோர் நாய்களைத் தூண்டுவது குறித்து நடப்பட்டுள்ள மஞ்சள் பலகைக்கு நன்றி தெரிவித்தல்.

பார்வை: மனுதாரரின் இடது கெண்டைக்கால்.

நாய் வளர்ப்போர் தமிழ் உரைநடைக்கு வழங்கியுள்ள கொடைகளுள் தலையாயது "ஒண்ணும் பண்ணாது" என்னும் இரு சொல் வாக்கியமே என்பதை மாண்புமிகு அலுவலகம் நன்கு அறியும். நாய் பத்தடித் தொலைவில் பல்லைக் காட்டும்போதும், முன்னங்கால்களைத் தூக்கி ஓடுபவரின் மார்பில் பதிக்கும்போதும், கவ்விய சதையை விடாமல் நிற்கும்போதும் ஒரே குரலில், ஒரே நிதானத்தில் சொல்லப்படும் இவ்வாக்கியத்துக்கு எழுவாய் கிடையாது. எது ஒன்றும் பண்ணாது என்பதைக் கேட்பவரே வருவித்துக்கொள்ள வேண்டும். சொல்லில் வெளிப்படாமல் நின்று வினையை நடத்தும் இவ்வகை எழுவாயை இலக்கண நூலார் தோன்றா எழுவாய் என்பர். இத்தோன்றா எழுவாயின் இடத்தில் நாயை வைத்துப் பொருள்கொள்வது பிழை, அலுவலகத்தை வைத்துப் பொருள்கொள்வதே முறை என்று நிறுவுவது இவ்விண்ணப்பத்தின் பணிவான நோக்கமாகும்.

பாதையின் ஒன்றரைக் கிலோமீட்டரில், மதகை ஒட்டிய வளைவில், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு நாய்க்கடி ஒன்று நேர்ந்ததாக மனுதாரர் (இச்சொல் இங்குக் கடிபட்டவரைக் குறிக்கும்) அலுவலகத்தின் கைபேசிச் செயலியில் புகார் பதிந்தார். அதே நாள் காலை 10.40 மணிக்கு, அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மரப்பெஞ்சில் முதல் ஊசிக்காகக் காத்திருக்கையில், "தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டு முடித்துவைக்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தி வந்துசேர்ந்தது. புண்ணில் மருந்து படுவதற்கு முன்பே புகாரை ஆற்றிவிட்ட இவ்வேகம் அந்தப் பாதையில் நாள்தோறும் ஓடிப் பழகியவர்களாலும் எட்ட இயலாதது. கண்ட தீர்வு யாது என்பது மட்டும் விளங்காதிருந்த நிலையில், எட்டாம் நாள் நுழைவாயிலில் புதிய பலகை எழுந்தது. மஞ்சள் நிறத்தில், கறுப்பு எழுத்தில், அதில் உள்ள வாசகம்: "ஓடுவோர் கவனத்திற்கு: வேகமாக ஓடி நாய்களைத் தூண்ட வேண்டாம்."

கடித்ததற்குக் கடிபட்டவரின் கால்களே காரணம் என்னும் இம்முடிவை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அறிவியல் அலுவலகத்தின் பக்கம் பாதியளவு நிற்கிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். விலகி ஓடும் எதையும் துரத்துவது நாயினத்தின் வேட்டை நடத்தையில் ஒரு படி. இரையை உற்றுநோக்கல், பதுங்கல், துரத்தல், கவ்வல் என்று தொடரும் அந்நடத்தையின் கண்ணிகளுள் சிலவற்றை மனிதர் தம் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் இனங்களை உருவாக்கியுள்ளனர். தென்மாவட்டங்களில் முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாய்கள் மோப்பத்தைவிடப் பார்வையை நம்பிப் பாய்பவை. அவற்றின் நீண்ட காலும் ஒடுங்கிய வயிறும் ஓட்டத்துக்கென்றே அமைந்தவை. அத்தகைய நாயொன்றை இரண்டு படுக்கையறைக் குடியிருப்பில் நாளெல்லாம் அடைத்து வைத்து, விடியற்காலையில், தானாக நீண்டு சுருளும் ஐந்து மீட்டர் வாரில் பூட்டி, ஓடுவோர் நிறைந்த பாதைக்கு அழைத்துவரும் உரிமையாளர் "ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லும்போது, அந்த நாயின் பல தலைமுறை முன்னோரை ஒரே மூச்சில் அவமதிக்கிறார். நிற்க, ஓட்டப்பயிற்சிக்கெனச் சிவப்புத் தடம் பதித்து, நூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டு, அதன் வாயிலில் ஓட வேண்டாம் என்று எழுதிவைப்பது நீச்சல் குளத்தின் படியில் நனைய வேண்டாம் என்று எழுதிவைப்பதற்கு ஒப்பாகும் என்பதை அறிவியல் சொல்லவில்லை; அது மனுதாரரின் சொந்தக் கருத்து.

நாயின் பெருமையை மறுப்பது இவ்விண்ணப்பத்தின் நோக்கமன்று. திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. நடுகல் என்பது போரில் அல்லது பூசலில் வீழ்ந்தவருக்கு ஊரார் நாட்டி வழிபடும் கல். எடுத்தனூர்க் கல்லில் வீரனின் உருவத்தோடு அவனது நாயின் உருவமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துத் தன் காவலை விடாது நின்றதைக் கல்வெட்டு எழுத்தில் பதிவுசெய்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகப் பெயரோடும் புகழோடும் நிற்கும் இந்த நாயைப் பற்றி அதன் சொந்தக்காரர் ஒருபோதும் "ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தால் கல் கிடைத்திருக்காது. கோவிவன் ஏதோ பண்ணியது; யாரை, எதற்காக என்பதும் தெளிவாக இருந்தது. ஒன்றும் பண்ணாமலிருப்பதற்காகக் கல் நடும் வழக்கம் பிற்காலத்தில் அரசு அலுவலகங்களில் தோன்றியது. அவற்றைத் திறப்புவிழாக் கல்வெட்டுகள் என்பர்.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். உரிமையாளர் இல்லாத தெருநாய்களுக்கு 2001-ஆம் ஆண்டின் கருத்தடை விதிகளும், அவற்றின் இடத்தில் வந்த 2023-ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டிப் பிடித்த இடத்திலேயே விடுவது இவ்விதிகளின் சாரம். உணவு வைக்கும் இடங்கள் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் நுழைவாயிலுக்கும் அப்பால் இருக்க வேண்டும் என்பதும் 2023 விதிகளில் உண்டு. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் மாதம் தில்லி வழக்கில் இது குறித்து ஆணைகள் பிறப்பித்தபோது ஊரே தெருநாய்களைப் பற்றிப் பேசியது. உரிமையாளர் உள்ள நாயோ வேறு வகை. தம் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ பெறத்தக்க குற்றம். இவ்விரு வகைக்கும் இடையில் ஒரு மெல்லிய இடைவெளியைக் கண்டுபிடித்து அதில் அலுவலகம் அமைதியாக அமர்ந்திருக்கும் திறமை வியக்கத்தக்கது: செயலியில் "தெருநாய்" என்ற தலைப்பு உண்டு, கடித்த நாய்க்கு உரிமையாளர் இருந்ததால் அது பொருந்தாது, உரிமையாளரைப் பற்றிப் புகார் சொல்லத் தலைப்பு கிடையாது, ஆகவே புகார் "இதர" என்பதற்குள் போய், அங்கிருந்து பூங்காப் பிரிவுக்கும், பூங்காப் பிரிவிலிருந்து சுகாதாரப் பிரிவுக்கும் சென்று, மொத்தம் நான்கே முக்கால் மணி நேரத்தில் முக்தி அடைந்தது. எந்தப் பிரிவும் ஒன்றும் பண்ணாது என்பதை ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பித்தமைக்கு மனுதாரர் கடமைப்பட்டுள்ளார்.

ஓடுவோர் குற்றமற்றவர் அல்லர் என்பதும் இங்குப் பதிவாக வேண்டும். இரு காதுகளிலும் பாட்டு ஒலிக்க, முதுகுப்புறமாகச் சத்தமின்றி வந்து, நாய்க்கும் உரிமையாளருக்கும் இடையிலுள்ள முழ இடைவெளியில் புகுந்து ஓடுவோர் உண்டு. வாரில் கட்டுண்ட நாய்க்கு விலகி ஓட வழியில்லை என்பதால் அச்சம் அதற்குப் பாய்ச்சலாகவே வெளிப்படும் என்பதை அவர்கள் அறிவதில்லை. பின்னாலிருந்து கடக்கையில் பத்தடி முன்பே "வலப்பக்கம் வருகிறேன்" என்று குரல் கொடுப்பது, வேகத்தைக் குறைப்பது, நாய் நிற்கும் பக்கம் விடுத்து உரிமையாளர் நிற்கும் பக்கமாகக் கடப்பது, துரத்தினால் ஓடாமல் கைகளை உடலோடு ஒட்டிக் கண்ணோடு கண் பாராமல் அசையாது நிற்பது ஆகியவை ஓடுவோர் கற்க வேண்டியவை. உரிமையாளர் கற்க வேண்டியது அதனினும் எளிது: ஓடுபவர் வரக் கண்டதும் வாரை ஒரு கை நீளத்துக்குச் சுருக்கிப் பிடித்து, பாதையோரம் ஒதுங்கி, நாயைத் தம் உடலுக்கு அப்பால் நிறுத்திக்கொள்வது. இவ்வளவும் ஒரு பலகையில் அடங்கும். மஞ்சள் பலகையில் இடம் நிறையவே இருக்கிறது. கீழ்ப்பாதி முழுவதும் அலுவலகப் பெயரும் பொறுப்பாளர்களின் பெயர்களுமே உள்ளன.

இனிக் கடியைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் விலங்குத் தொடர்பை மூன்று வகையாகப் பிரிக்கிறது. கீறல் இல்லாத தோலை நாய் நக்குவது முதல் வகை. இரத்தம் கசியாத சிறு கீறல் இரண்டாம் வகை. பல் தோலைத் துளைத்து உள்ளே இறங்குவது மூன்றாம் வகை. மனுதாரருக்கு வாய்த்தது மூன்றாம் வகை: கெண்டைக்காலின் பின்புறம் இரண்டு துளை, நடுவே ஒரு விரல் நீளக் கிழிசல், காலுறைக்குள் இறங்கிய இரத்தம். வெறிநோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியே ஊர்ந்து மூளையை அடைவது. அறிகுறி தோன்றிய பின் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. ஆகவே செய்ய வேண்டிய முதல் சிகிச்சை ஊசியன்று, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுவது. நாலரைக் கிலோமீட்டர் சுற்றுள்ள அப்பாதையில் ஒரே ஒரு குழாய் உண்டு. மதகிலிருந்து நொண்டியபடி அங்குச் சென்று திருகியபோது அதில் காற்று மட்டும் வந்தது. யாரோ கொடுத்த அரை லிட்டர் புட்டித் தண்ணீரால், சோப்பு இல்லாமல், காயம் கழுவப்பட்டது. அது ஒரு நிமிடத்துக்குக்கூடப் போதவில்லை. பலகை நடுவதற்குக் காசு இருந்திருக்கிறது. குழாயில் தண்ணீர் விடுவதற்கு இல்லை. கடிபட்டு நின்றது எட்டு வயதுப் பிள்ளையாக இருந்திருந்தால் அந்தப் பலகையில் யார் பெயரைப் போட்டிருப்பீர்கள்? இது அலட்சியம் அல்ல, அயோக்கியத்தனம்.

மேற்கண்ட சொல்லை மாண்புமிகு அலுவலகம் பொருட்படுத்த வேண்டியதில்லை; அது பார்வையில் சுட்டப்பட்ட கெண்டைக்கால் உணர்ச்சிவயப்பட்டுச் சொன்னது. அலுவலகத்தின் பெருந்தன்மை பற்றி மனுதாரருக்கு ஐயமில்லை. இனி ஊசியைப் பற்றி. நீலகிரியின் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டு, வெறிநாய்க்கடிக்குத் தென்னாட்டிலேயே மருந்து கிடைக்கத் தொடங்கியது. அதற்கு முன் கடிபட்டவர்கள் வடக்கே நெடுந்தொலைவு பயணிக்க வேண்டியிருந்தது. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகளை நினைவுகூரும் பெரியவர்கள் இன்றும் வீடுதோறும் உள்ளனர். இப்போது தோலடுக்கிற்குள் செலுத்தும் முறையில் கடிபட்ட நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்கு தவணையே. மூன்றாம் வகைக் கடிக்குக் கூடுதலாக இம்யூனோகுளோபுலின், அதாவது உடல் தானே எதிர்ப்பாற்றலை உருவாக்கும் வரை தாக்குப்பிடிக்க உதவும் ஆயத்த எதிர்ப்புப் புரதம், காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்தப்படும். கிழிந்த சதைக்குள் ஊசி இறங்குகையில் செவிலியர் அன்போடு சொன்னார்: "பல்லைக் கடிச்சுக்கோங்க சார், ஒண்ணும் பண்ணாது." அவர் சொன்னதில் மட்டும் எழுவாய் ஐயமின்றி விளங்கியது.

உரிமையாளரைப் பற்றி அலுவலகம் ஒருமுறையும் விசாரிக்கவில்லை என்பதால், அவரைப் பற்றிய குறிப்பொன்றை இணைப்பது முறையாகும். அவர் நல்லவர். கடித்த மறுநொடி பதறி மன்னிப்புக் கேட்டார். அடுத்த நொடி, "இது யாரையும் கடிச்சதே இல்லை சார், நீங்க ஓடினதாலதான்" என்றார். மஞ்சள் பலகையின் வாசகத்தை அலுவலகத்துக்கு எட்டு நாள் முன்பே இயற்றிய மூலவர் என்ற முறையில் அவருக்குரிய பெருமையை அலுவலகம் வழங்க வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டை எங்கே என்று கேட்டதற்கு வீட்டில் இருப்பதாகச் சொன்னார். வீடு எங்கே என்று கேட்பதற்குள் அவரும் நாயும் மிதமான ஓட்டத்தில் வளைவைக் கடந்துவிட்டனர். அவர்கள் ஓடியதால் யாரும் தூண்டப்படவில்லை.

ஆகவே மாண்புமிகு அலுவலகத்திடம் மனுதாரர் வேண்டுவன மிகச் சிறியவை. பாதையில் நுழையும் நாயின் வார் இரண்டு மீட்டருக்கு மிகலாகாது என்றும், உரிமமும் தடுப்பூசி அட்டையும் கையோடு இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி. அதைப் பார்க்க வாயிலில், காலை ஐந்து முதல் எட்டு மணி வரை, ஏற்கெனவே அங்கு நாற்காலியில் உறங்கும் காவலர் விழித்திருத்தல். செயலியில் "வளர்ப்பு நாய்" என்ற தலைப்பு. குழாயில் தண்ணீர், பக்கத்தில் ஒரு சோப்பு. பலகையை அகற்ற வேண்டியதில்லை. அதில் "ஓடுவோர்" என்பதை அடித்து "உரிமையாளர்" என்றும், "வேகமாக ஓடி நாய்களைத்" என்பதை அடித்து "நீள வாரில் விட்டு ஓடுவோரைத்" என்றும், "தூண்ட" என்பதை அடித்துத் "தாக்கவிட" என்றும் திருத்தினால் போதும். மீதி வாசகம் அப்படியே இருக்கலாம். இவற்றுள் எதையேனும் அலுவலகம் நிறைவேற்றுமாயின் இவ்விண்ணப்பத்தின் அடிப்படைக் கோட்பாடு பொய்யாகும். அத்தோல்வியை மனுதாரர் மனமுவந்து ஏற்பார்.

மூன்று தவணை முடிந்தது. நான்காவது ஊசி 28-ஆம் நாள், அதுவும் வெள்ளிக்கிழமை, காலை எட்டரை மணிக்கு. இன்று காலை பார்த்தபோதும் குழாயில் தண்ணீர் வரவில்லை.