இரண்டு ககரங்கள்

நான் பள்ளியில் படித்த காலத்தில் சீனத் தலைநகருக்குப் பீக்கிங் என்று பெயர். வகுப்பறைச் சுவரில் தொங்கிய நிலப்படத்தில் அப்படித்தான் இருந்தது. பெரியப்பா வீட்டு வானொலிப் பெட்டியில் சிற்றலையில் கரகரத்துக்கொண்டு வந்ததும் எங்களுக்குப் பீக்கிங் வானொலிதான். 1963 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் தமிழ் ஒலிபரப்புக்குப் பெரியப்பா விடாமல் கடிதம் எழுதுவார். பதிலுக்கு நாட்காட்டியும் வழவழப்பான படப் பத்திரிகையும் வரும். பிற்பாடு அந்த உறைகளில் ரோமன் எழுத்தில் இருந்த ஊர்ப் பெயர் மாறியது. "வெள்ளக்காரன் வாயில நுழையாம கெடுத்து வச்ச பேர எடுத்துட்டாங்கடா, நல்ல காரியம்" என்றார் பெரியப்பா.

இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெட்ராஸ் சென்னையானது, பம்பாய் மும்பையானது, பீக்கிங் பெய்ஜிங்கானது என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். முதல் இரண்டும் அரசு ஆணையால் நடந்த பெயர்மாற்றங்கள். மூன்றாவதை இந்த வரிசையில் சேர்ப்பது அந்தப் பழைய சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

சீனர்கள் தங்கள் எழுத்தில் எதையும் மாற்றவில்லை. முதல் எழுத்து வடக்கு, அடுத்தது தலைநகர். மிங் பேரரசர் யோங்லே 1403இல் சூட்டிய பெயர் அது. அதற்கு முன் அந்த ஊர் பெய்பிங். 'வட அமைதி' என்று பொருள். 1928இல் தேசியவாத அரசு தெற்கே நான்ஜிங்கைத் தலைநகராக்கியபோது, வடக்கே இன்னொரு தலைநகர் எதற்கு என்று மறுபடியும் பெய்பிங் ஆக்கினார்கள். 1949இல் கம்யூனிஸ்டுகள் வந்ததும் பழைய பெயர் திரும்பியது. உண்மையான பெயர்மாற்றங்கள் இவைதாம். 1979 ஜனவரி 1 அன்று மாறியது, அந்தப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும் முறை மட்டுமே. 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட பின்யின் முறையை வெளிநாட்டு மொழிகளில் வரும் ஆவணங்களுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

அப்படியானால் பீக்கிங்கில் உள்ள ககரம் எங்கிருந்து வந்தது? சீனர்களிடமிருந்துதான். ஐரோப்பியர் சீனாவுக்குள் தெற்கு வழியாக நுழைந்தார்கள். பாதிரியார் மத்தேயோ ரிச்சி 1582இல் மக்காவு நகரில் இறங்கி, தென்னகரங்களில் பல ஆண்டுகள் தங்கி, 1601இல்தான் தலைநகரில் குடியேறினார். அன்றைய அதிகாரிகளின் பொதுப் பேச்சு நான்ஜிங் வழக்கைத் தழுவியது. அதில் தலைநகர் என்ற சொல் 'கிங்' என்றே ஒலித்தது. பின்னால் வடக்குப் பேச்சில், இகரத்துக்கு முன் நின்ற ககரம் சகரமாக நெகிழ்ந்துவிட்டது.

தமிழனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. அவர்களுக்குக் கெம்பு, நமக்குச் செம்மை. அவர்களுடைய கிரிது நம்முடைய சிறிது. நம் செவியைக் கன்னடத்தார் கெடுத்துவிட்டார்கள் என்று எந்த மொழியறிஞரும் சொல்லமாட்டார். பழைய ககரத்தைக் காத்து வைத்திருப்பவர்களே அவர்கள்தாம்.

சொல்லப்போனால் அந்தப் பெயரில் முதலில் இரண்டு ககரங்கள் இருந்தன. வடக்கு என்ற சொல்லும் பழைய சீனத்தில் ககரத்தில்தான் முடிந்தது. கான்டனீஸ் பேசுகிறவர்கள் இன்றைக்கும் 'பக்-கிங்' என்றுதான் சொல்கிறார்கள். வியட்நாமியர் வாயிலும் இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஐரோப்பியர் கையில் ஒன்று தங்கியது. அந்த ஊர்க்காரர்களின் நாவில் ஒன்றுகூட இல்லை. டோக்கியோவில் வரும் 'கியோ', கியோட்டோவில் வரும் 'கியோ', வியட்நாமின் டோங்கினில் வரும் 'கின்' எல்லாம் இதே தலைநகர் எழுத்துத்தான். டோக்கியோவும் டோங்கினும் சீன எழுத்தில் எழுதினால் ஒரே பெயர்: கிழக்குத் தலைநகர். எனக்கு இது எத்தனை முறை நினைத்தாலும் இனிக்கிற செய்தி.

பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் ரஷ்யருக்கும் ஜப்பானியருக்கும் அது இன்னும் ககரம் உள்ள ஊர்தான். அந்நகரத்தின் பெரிய பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் தன்னைப் பீக்கிங் பல்கலைக்கழகம் என்றே எழுதிக்கொள்கிறது. விமான நிலையத்தின் குறியீடு பி.இ.கே. 2019இல் திறந்த டாஷிங் விமான நிலையத்துக்கும் பி.கே.எக்ஸ். என்றே கொடுத்தார்கள்.

இனி இன்றைய உச்சரிப்பு. 2008 ஒலிம்பிக்கின்போது ஆங்கிலச் செய்தியாளர்கள் பலர், 'டெலிவிஷன்' என்ற சொல்லின் நடுவில் வருமே, அந்த உரசலோடு 'பெய்ஷிங்' என்றார்கள். அப்படிச் சொல்வதுதான் நாகரிகம் என்று நம் தொலைக்காட்சியிலும் ஒட்டிக்கொண்டது. என் பேத்தியும் அப்படித்தான் சொல்கிறாள். "தாத்தா, பீக்கிங்னு இப்ப யாரும் சொல்றதில்ல" என்று திருத்துகிறாள். அவளை உட்காரவைத்து, "பெட்டி சொல்லு, பச்சிலை சொல்லு" என்றேன். பெட்டியின் பகரமும் பச்சிலையின் 'ச்சி'யும் சேர்ந்தால் சீன ஒலி ஏறக்குறைய வந்துவிடும்.

பின்யினில் உள்ள பி, ஜே என்ற ரோமன் எழுத்துகளைப் பார்த்து ஆங்கிலக்காரர் அதிர்ந்த ஒலியாகப் படிக்கிறார்கள். சீனத்தில் அந்த இரண்டு ஒலிகளுக்கும் அதிர்வும் கிடையாது, மூச்சுக்காற்றும் கிடையாது. சொல்லின் முதலில் நிற்கும் தமிழ்ப் பகரமும் நடுவில் இரட்டிக்கும் சகரமும் அப்படிப்பட்டவைதாம். முதல் அசையைத் தாழ்த்தி, அடுத்ததை உயர்த்தி இழுக்கும் தொனி மட்டுமே நமக்குப் புதிது. ஆகவே ஜகரத்தைக் கடன் வாங்கத் தேவையே இல்லை. பெய்ச்சிங் என்று நம் எழுத்திலேயே எழுதினால், ஆங்கிலச் செய்தியாளரைவிட நாம் அந்த ஊருக்கு நெருக்கமாகப் பேசுவோம். பத்திரிகைகள் அப்படி எழுதவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பழைய புத்தகங்களில் பீக்கிங் என்று இருந்தால் அதை யாரும் அடித்துத் திருத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.