பேரல் சுவாமி சன்னிதானத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு மேலாளர் அவர்கள், ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர், பைபாஸ் ரோடு.

பெருமதிப்புக்குரிய ஐயா,

நேற்று தங்கள் ஏசி ஹாலில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்க, சர்வீஸ் அட்வைசர் தம்பி என் கையிலிருந்த ஓனர்ஸ் மேனுவலைப் பார்த்துச் சிரித்தார். "சார் யூடியூப் பாத்துட்டு வந்திருக்காரு" என்று பக்கத்து கவுன்ட்டருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். அந்தப் புத்தகம் யூடியூபில் வந்ததல்ல ஐயா, வண்டியோடு தாங்களே தந்தது.

என் வேண்டுதல் சின்னது. பிஎஸ்-6 டீசல் காம்பாக்ட் எஸ்யூவிக்கு அந்த மேனுவலில் அச்சடித்திருக்கிற 5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3 ஆயில். தம்பி அருளிய வாக்கு: "அதெல்லாம் ஃபாரின் குளிருக்கு சார். மதுரை வெயிலுக்குத் திக்கா 15டபிள்யூ-40 ஊத்தினாத்தான் எஞ்சின் நிக்கும்." சொல்லிவிட்டு, மூலையில் எழுந்தருளியிருக்கும் 210 லிட்டர் பேரல் சுவாமியைக் கைகாட்டினார். ஹேட்ச்பேக், எஸ்யூவி, பழசு, புதுசு என்று பேதம் பாராமல் அனைவருக்கும் ஒரே பிரசாதம் வழங்கும் தெய்வத்திடம் கிரேடு கேட்க நான் யார்?

ஆனாலும் அடியேனுக்கு ஒரு சந்தேகம். டபிள்யூவுக்கு முன்னால் நிற்கும் எண் குளிருக்கானது: 5 என்றால் மைனஸ் 30 டிகிரி, 15 என்றால் மைனஸ் 20. மதுரைக்கு இரண்டுமே வேண்டாம், சரி. பின்னால் வருவது 100 டிகிரியில் பார்ப்பது. வெளியே கத்திரி வெயிலோ கொடைக்கானல் குளிரோ, தெர்மோஸ்டாட் இருக்கிற எஞ்சின் 90 டிகிரியை ஒட்டியேதான் ஓடும். 30-ஐ 40 ஆக்கச் சொல்லி வெயில் எப்போது தங்களிடம் மனுக் கொடுத்தது?

அதைக்கூட விடலாம். சி3-ஐ விட முடியாது. என் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது; சி3 அதற்கென்றே சாம்பல் குறைத்த ஆயில். சாம்பல் அதிகம் விடுகிற ஆயிலை ஊற்றினால், ஃபில்டர் தன்னைச் சுட்டுச் சுத்தம் செய்துகொள்ளும் ரீஜெனரேஷனில் கரி எரியும், சாம்பல் எரியாது. உள்ளேயே தங்கி அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு இதே தம்பி வந்து, "டவுனுக்குள்ளயே ஓட்டுறீங்க போல, வாரண்டி வராது சார்" என்பார். ஊற்றுவது நீங்கள், தண்டம் அழுவது நானா? காசு கொடுக்கிறவன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் பல்லிளிக்கிறீர்களே, வெட்கமாக இல்லை?

மன்னிக்கவும். சன்னிதியில் குரல் உயர்ந்துவிட்டது.

பிரசாத அளவு குறித்தும் ஒரு வார்த்தை. மேனுவலில் 4.8 லிட்டர், பில்லில் 6 லிட்டர். மிச்சம் உண்டியலில் சேர்ந்ததாக எண்ணிக்கொள்கிறேன். கேட்காமலே நடத்திய எஞ்சின் ஃப்ளஷ் அபிஷேகத்துக்கும், எஞ்சின் ரூம் டிரஸ்ஸிங் என்னும் சந்தனக்காப்புக்கும், அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டிக்கும் நன்றி. வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் மறந்துவிட்டார்கள்.

இப்போது உள்ளே இறங்கியிருக்கும் சுவாமியை வடித்துவிட்டு, சீல் உடைக்காத கேனிலிருந்து என் கண்முன்னே சி3 ஊற்றித் தருமாறு வேண்டுகிறேன். முடியாதென்றால், "இந்த வண்டிக்கு 15டபிள்யூ-40 போதும், டிபிஎஃப்புக்கு ஏதும் வந்தால் நாங்கள் பொறுப்பு" என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, முத்திரை குத்தி, தாங்களே கையெழுத்திட்டுத் தந்தருளவும். தம்பியின் கையெழுத்து வேண்டாம்.

இப்படிக்கு,
பில் கட்டிய பக்தன்