குடும்பம் என்னும் சரக்கு: ஆறுக்குப் பன்னிரண்டு ட்ரெயிலரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கமும் எல்லையும்

சரக்கு ட்ரெயிலர் என்பது இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்து, சக்கரம் பூட்டி, முன்னால் கொளுக்கியும் பின்னால் இரட்டைக் கதவும் வைத்த பெட்டி. புல்வெட்டி, பெயின்ற் வாளி, வீடு மாறுவோரின் சோபா ஆகியவற்றை ஏற்றுவதற்கென்று செய்யப்படுவது. இதை வாங்கி, உள்ளே கட்டில் அடித்து, மனைவி மக்களை உறங்கவைக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் கனடாவிலும் வேரூன்றியிருக்கிறது. பலகையை எங்கே அறுப்பது, ஆணியை எங்கே அடிப்பது என்று சொல்வோர் ஏராளம். இந்தச் செயலால் உண்மையில் மாறுவது எது என்ற அடிப்படை வினாவை எழுப்பியோர் அரியர். அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம், ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் டிரைவ்வே. ஆய்வுப் பொருள், 6 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட ஒற்றை அச்சு ட்ரெயிலர். ஆய்வு மாந்தர்: கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர், மனைவியின் தாயார். மச்சான் ஒருவர் ஆலோசகராகப் பணியாற்றினார். உள்ளே படுக்க அவர் மறுத்துவிட்டதால், அவருடைய கருத்துகள் கோட்பாட்டளவில் மட்டுமே கொள்ளப்பட்டன.

2. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் மூத்த முன்னோடி கோர்டன் ஸ்டேபிள்ஸ். பிரித்தானியக் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற இவர், 1885இல் ‘வாண்டரர்’ என்ற பெயரில் குதிரை இழுக்கும் நகரும் வீடு ஒன்றைச் செய்வித்தார். எடை ஏறக்குறைய 2 தொன். பணியாள் முச்சக்கர மிதிவண்டியில் முன்னே போய், பின்னால் வருவது என்ன என்று ஊராரை எச்சரிப்பார். இழுக்கும் வாகனத்துக்கும் இழுபடும் வீட்டுக்கும் உள்ள உறவு பற்றி ஸ்டேபிள்ஸ் சொல்பவை இன்றும் மதிக்கத்தக்கவை. எனினும் அந்த வண்டியில் அவர் சென்ற நெடும்பயணத்தில் உடன் சென்றோர் வண்டிக்காரரும் பணியாளும் நாயும். மாமியார் இடம்பெறாத மாதிரி ஆகையால், அதன் முடிவுகளை நம் களத்துக்கு அப்படியே பொருத்த இயலாது.

அடுத்தவர் அமெரிக்கரான வாலி பையம். ஃபோர்ட் மொடல் டி காரின் சட்டத்தின்மேல் இவர் முதலில் கட்டியது ஒரு கூடாரம். சமையலறை இல்லாத இடத்துக்குத் தான் வரமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டதால் அது வளர்ந்து வீடானது என்பது, பின்னர் அவர் நிறுவிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனமே சொல்லும் வரலாறு. 1936இல் ரிவெட் அடித்த அலுமினிய உடலுடன் ‘கிளிப்பர்’ வெளிவந்தது. இத்துறையின் முதல் உந்துவிசை கணவனின் ஊர்சுற்றும் ஆசை என்று பலர் எழுதிவருகிறார்கள். சான்றுகள் மனைவியின் மறுப்பையே சுட்டுகின்றன.

மூன்றாவது, கண்ணீர்த்துளி வடிவ ட்ரெயிலர். 1947இல் ‘மெக்கானிக்ஸ் இலஸ்ட்ரேட்டட்’ இதழ் இதன் செய்முறை வரைபடத்தை வெளியிட்டது. இருவர் உள்ளே படுக்கலாம். குசினி பின்பக்க மூடியின் கீழ், வெளியே. மழையில் நின்று சமைப்பவர் யார் என்பதை வரைபடம் குறிப்பிடவில்லை.

3. கருதுகோள்

இம்முன்னோரும், அவர்வழி வந்தோரும், வண்டி வீடாக மாறுகிறது என்ற ஒரே நம்பிக்கையைக் கொண்டவர்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. ட்ரெயிலர் தன் இயல்பிலிருந்து அணுவளவும் மாறுவதில்லை. அதற்குள் ஏறும் குடும்பமே சரக்காக மாறுகிறது. எடை, அடுக்கு, மூச்சு, கதவு, இடமாற்று என்னும் ஐந்து இயல்களில் இது நிறுவப்படும்.

4. எடை இயல்

இந்த அளவு ட்ரெயிலர்களின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டில் பெரும்பாலும் மொத்த எடை வரம்பு 2,990 இறாத்தல் என்று இருக்கும். அடியில் உள்ள அச்சோ 3,500 இறாத்தல் தாங்கவல்லது. எஞ்சிய வலிமை எங்கே போயிற்று? விடை சட்டத்தில் இருக்கிறது. ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் ட்ரெயிலருக்குத் தனியாக பிரேக் வேண்டும். 2,990 இறாத்தல் என்பது ஏறக்குறைய 1,356 கிலோ. சட்டத்துக்கும் சிக்கனத்துக்கும் இடையே 4 கிலோ ஒழுக்கம் மிஞ்சுகிறது.

வெறும் பெட்டி மட்டும் 1,200 முதல் 1,400 இறாத்தல் வரை இருக்கும். மீதியில்தான் கட்டில், மெத்தை, தண்ணீர்க் கலன், பற்றரி, அரிசி, தேங்காய் எல்லாம் அடங்க வேண்டும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்று ஏறத்தாழ 60 இறாத்தல். அதே கொள்ளளவுள்ள லித்தியம் பற்றரி 25 இறாத்தல் அளவுதான். விலையில் இந்த ஒழுங்கு தலைகீழாகும். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்பதால், கனடாவில் அது வீட்டுக்குள் நம்முடனேயே குளிர்காலம் கழிக்கும் உறவினராகிவிடுகிறது.

மொத்த எடையைவிட முக்கியமானது அது உட்காரும் இடம். ட்ரெயிலர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்கொளுக்கியின்மேல் இறங்க வேண்டும். குறைந்தால், நெடுஞ்சாலையில் வால் ஆடத் தொடங்கும். ஆட்டம் வலுத்தால் காரையும் சேர்த்துப் புரட்டும். ஆகவே பாரமானவை அச்சுக்கு முன்னே இருக்க வேண்டும் என்பது விதி. இவ்விதிக்கும் குடும்ப மரபுக்கும் நேர்ந்த மோதல் கீழே பதிவாகிறது.

“தம்பி, அரிசி மூட்டையைப் பின்னுக்கு, கட்டிலுக்குக் கீழ வைச்சா என்ன?”

“ஆடும் மாமி.”

“அரிசியோ?”

“ட்ரெயிலர் மாமி.”

“அப்ப என்னை எங்க வைக்கப் போறீர்?”

சரக்காகும் நிலையைத் தானே முதலில் உணர்ந்து சொன்னவர் மாமி என்பதை ஆய்வுலகம் பதிவுசெய்ய வேண்டும்.

5. அடுக்கு இயல்

பெயரளவில் 6 அடி. உட்சுவர்ப் பலகை அடித்தபின் அகலம் அதிலும் சில அங்குலம் குறைந்துவிடும். பின்கதவை ஒட்டிக் குறுக்கே போட்ட இரட்டைக் கட்டிலில் 5 அடி 8 அங்குலத்துக்கு மேற்பட்ட கணவன் படுப்பானாயின், முழங்காலை மடக்க வேண்டும் அல்லது கொள்கையை மாற்ற வேண்டும். கட்டிலுக்கு முன்னே இடப்பக்கம் பிள்ளைகளின் இரண்டு தட்டு. வலப்பக்கம், பக்கக் கதவை அடுத்து மாமியின் வாங்கு. நடுவே ஒருவர் நேராக நடந்தால் போதும், இருவர் சந்தித்தால் ஒருவர் ஏதாவதொரு கட்டிலில் ஏறவேண்டிய அளவு நடைவழி.

லொறியில் சாமான் ஏற்றுவோர் அறிந்த விதி: கடைசியில் ஏற்றியதே முதலில் இறங்கும். இரவில் யார் முதலில் இறங்க வேண்டிவரும் என்று கணித்து அதன்படி ஏற்றுவது இக்கலையின் உச்சம். முதியவரே இரவில் அதிகம் எழுவார் என்பதால் மாமி கதவருகே. இது வெற்றிகரமான ஏற்பாடு. ஆனால் பிள்ளைகள் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுகிறார்கள்; பெற்றோர் பதினொரு மணிக்கு, எல்லோரையும் தாண்டி, அடியில் இருக்கவேண்டிய சரக்காகக் கடைசியில் ஏறுகிறார்கள். துறைமுகத்தில் இப்படிச் செய்தால் வேலை போய்விடும்.

மேல்தட்டிலிருந்து உருளாமல் இருக்கப் பலகையாலான தடுப்பு வைப்பது ஒரு சாரார் வழக்கம். மச்சான் சரக்குக் கட்டும் ரட்செட் பட்டியைப் பரிந்துரைத்தார். பிள்ளை எடுத்த அடுத்த முடிவு, தானே கீழ்த்தட்டுக்கு இறங்கிவந்ததுதான்.

6. மூச்சு இயல்

சோபாவுக்கும் குடும்பத்துக்கும் உள்ள மெய்யான வேறுபாடு ஒன்றே: சோபா மூச்சு விடாது. வளர்ந்த ஆள் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் கால் லீட்டர் அளவு நீரைக் காற்றில் விடுகிறார். ஐவருக்கு ஒரு லீட்டருக்கு மேல். மூடிய அலுமினியப் பெட்டியிலிருந்து அந்த நீர் வெளியே போகாது.

அது போகும் பாதையை மேல்தட்டில் மல்லாந்து கிடந்து அவதானிக்கலாம். சுவரிலும் கூரையிலும் 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒன்றாக இரும்பு விலா ஓடுகிறது. வெளிக்குளிரை அந்த விலா நேராக உள்ளே கொண்டுவரும். அதன் வழியே முதலில் ஒரு மங்கல் படியும். பிறகு சிறு மணிகள் அரும்பும். பக்கத்து மணிகளைச் சேர்த்துக்கொண்டு ஒன்று பருக்கும். விலாவின் தாழ்ந்த முனையை நோக்கி ஊர்ந்து, ஒரு திருகாணித் தலையில் சற்று நின்று, பிறகு நெற்றியில் விழும். நேரம் பெரும்பாலும் விடியற்காலை நாலு மணி.

இதற்குத் தீர்வு கூறுவோர் இரு பள்ளியினர். போர்த்துவோர் பள்ளியினர், விலாக்களுக்கிடையே பொலிஐசோ நுரைப்பலகை திணிப்பவர்கள். அங்குலத்துக்கு ஆர் மதிப்பு 6 அளவு என்று பெருமை பேசுவார்கள். கடுங்குளிரில் அந்த மதிப்பே குறையும் என்பதையும், விலாவை மூடாமல் இடையை மட்டும் மூடினால் குளிர் விலா வழியே வந்துவிடும் என்பதையும் மெதுவாகவே சொல்வார்கள். திறப்போர் பள்ளியினர், கூரையில் 14க்கு 14 அங்குலத்தில் துளை வெட்டி மின்விசிறி பொருத்துவோர். ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கிய, ஒழுகாத புதுக் கூரையில், வாள் கொண்டு தானே ஓட்டை போடும் அக்கணம் ஒரு மனிதனின் வாழ்வில் எளிதில் மறக்கக்கூடியதன்று. பியூட்டைல் ரேப்பும் மேற்பூச்சும் சரியாக இட்டால் ஒழுகாது. விசிறி உறிஞ்சுவதற்கு ஈடாகச் சாளரம் ஒன்றைச் சற்றுத் திறந்தும் வைக்க வேண்டும்.

இரண்டு பள்ளிக்கும் பொதுவான எதிரி, குளிருக்கு மூட்டும் புரொப்பேன் அடுப்பு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி பிறக்கும். புகைபோக்கி இல்லாத அடுப்பானால் அந்த நீர் முழுவதும் உள்ளேயே. கூடவே காபன் மொனொக்சைட்டு அபாயமும். நகைப்புக்கு இடமில்லாத ஒரே பந்தி இது: அதை எரித்தபடி உறங்கக்கூடாது, அபாயமணி கட்டாயம் வேண்டும்.

“உதை நிப்பாட்டும் தம்பி, தலைக்குள்ள காத்து அடிக்குது” என்று மாமி விசிறியைப் பற்றிச் சொன்னது திறப்போர் பள்ளிக்கு எழுந்த வலுவான மறுப்பு. காதை மூடிய தொப்பி ஒன்றின் மூலம் அது சமரசமாகத் தீர்க்கப்பட்டது. ஆகவே நம் கருதுகோளில் ஒரு திருத்தம்: குடும்பம் என்பது மூச்சு விடும் சரக்கு.

7. கதவு இயல்

பின்பக்க இரட்டைக் கதவை மூடியபின், வெளிப்புறத்தில் நெட்டுக்குத்தாக ஓடும் இரும்புத் தண்டைத் திருப்பிப் பூட்டுகிறோம். உள்ளே கைப்பிடி கிடையாது. சரக்கு தானாக வெளியே வர விரும்பாது என்ற உறுதியான நம்பிக்கையின்மேல் எழுந்த வடிவமைப்பு இது. பக்கக் கதவிலும் வெளித்தண்டுப் பூட்டு இருந்தால், அவ்வழியே போகும் எவரும் விளையாட்டாகவேனும் ஒரு குடும்பத்தையே பொதி கட்டிவிடலாம். எனவே பக்கக் கதவுக்கு உள்ளிருந்து திறக்கும் பூட்டும், ஆள் நுழையும் அளவு திறக்கும் சாளரம் ஒன்றும் இன்றியமையாதவை. அவசரத்தில் அதன் வழியே வெளியேற முடியுமா என்று சோதித்தபோது பிள்ளைகள் மிகுந்த உற்சாகத்துடன் ஒத்துழைத்தார்கள், நிறுத்துவதுதான் கடினமாயிற்று.

8. தடையும் விடையும்

மனைவி எழுப்பிய தடை: “இந்தக் காசுக்கு நல்ல மொட்டல் ஒன்றில் கோடை முழுக்க இருந்திருக்கலாமே?”

விடை: மொட்டலில் ஒருவன் தங்கலாம், திருகாணி அடிக்க முடியாது.

தடை மீண்டும்: “அதுதானே நானும் சொல்லுறன்.”

இவ்விடத்தில் ஆய்வு அடுத்த இயலுக்குச் செல்கிறது.

9. இடமாற்று இயல்

இதுவரை கூறியவை துணைச் சான்றுகள். தலைமைச் சான்று மாலை நேரத்தில் முகாமில் கிடைக்கிறது.

ஒன்ராறியோச் சட்டப்படி, சாலையில் இழுபடும் வீட்டு ட்ரெயிலருக்குள் ஆள் இருக்கக்கூடாது. ஆகவே பயணத்தின்போது குடும்பம் காரில். அரிசி, சட்டி பானை, புட்டுக்குழல், ரொட்டிமா, மீன்ரின் எல்லாம் ட்ரெயிலரில். முகாம் அமைந்த அல்கொன்குவின் பூங்கா 1893இலிருந்து பாதுகாக்கப்பட்டுவரும் காடு. கருங்கரடி உலவும் இடம். அங்கே இரவில் உணவை வெளியே விடக்கூடாது, காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது பூங்காவின் ஒழுங்கு. படுக்கும் இடத்தில் கருவாட்டு மணம் வேண்டாம் என்பது பொதுப்புத்தி.

எனவே இருட்டும் வேளையில் ஓர் ஊர்வலம் நடக்கிறது. ட்ரெயிலரிலிருந்து அரிசியும் கறிச்சட்டியும் கருவாடும் இறங்கிக் காரின் மெத்தை இருக்கைகளில் அமர்கின்றன. காரிலிருந்து குடும்பம் இறங்கி ட்ரெயிலரில் ஏறுகிறது. பின்னிருக்கையில் அரிசி மூட்டை கவிழாமல் இருக்க மனைவி சீற்பெல்ற்றும் மாட்டிவிட்டார். காலையில் இரு தரப்பும் இடம் மாறுகின்றன. கருதுகோள் நிறுவப்பட்டது.

10. முடிவுகளும் மேலாய்வுக் களங்களும்

ஒன்று: ட்ரெயிலர் எதையும் பாகுபாடின்றி ஏற்கிறது. இரண்டு: ஏற்கப்படுவது உயிருள்ளதாயின் துளை, சாளரம், உட்பூட்டு ஆகிய சலுகைகள் வழங்கப்பட வேண்டும். மூன்று: இவை வழங்கப்பட்டால் சரக்கு மறுமுறையும் வர இசைகிறது, மாமி அடுத்த கோடைக்கான தேதியை இப்போதே கேட்டுவிட்டார். ஒன்ராறியோப் பூங்காக்களில் ஐந்து மாதம் முன்பே, காலை ஏழு மணிக்குப் பதிவு திறப்பதால், அந்த மரபில் அவர் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றுவிட்டார் எனலாம்.

பிள்ளைகள் ஆண்டுதோறும் நீள்வதும், தட்டு 6 அடியிலேயே நிற்பதும் தனி ஆய்வுக்குரியவை. குளிர்காலத்தில் டிரைவ்வேயில் நிற்கும் ட்ரெயிலருக்குள் பழைய சோபாவும் பெயின்ற் வாளிகளும் தாமாகவே வந்துசேரும் நிகழ்வும் ஆராயத்தக்கது. கரடித் தரப்பின் கருத்துகள் பெறப்படவில்லை.

இவ்வாய்வுக்கு முழு நிதி வழங்கியவர் மனைவி. இதன் முடிவுகளுக்குத் தான் எவ்வகையிலும் பொறுப்பல்ல என்பதையும் சேர்த்து எழுதும்படி அவர் கேட்டுக்கொண்டார்.