தலைக்கணக்கர்

ஊரிலுள்ள பத்துக் குடும்பங்களைத் திரட்டி, தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்கி, வேன் பேசி, அதன் நெற்றியில் வேப்பிலைக் கொத்தும் எலுமிச்சம்பழமும் கட்டி, கத்திரி வெயிலில் கண்காணாத தேசங்களுக்கு அழைத்துப்போய்ச் சேதாரமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பதையே ஜன்ம சாபல்யமாகக் கருதுகிற மனிதர் ஒருவர் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. அவருக்குச் சம்பளம் கிடையாது. கணக்கு முடிக்கும்போது கைப்பணம் போவதுதான் வழக்கம். அவர் வேண்டுவதெல்லாம், குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும் என்பதுதான். எதைப் பார்ப்பதற்காகப் புறப்பட்டோம் என்பது அவருடைய சித்தாந்தத்தில் இரண்டாம்பட்சமான விஷயம்.

கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், தலைவர் என்றே வைத்துக்கொள்வோம். கையில் நாற்பது பக்க நோட்டு, காதில் பேனா, கழுத்தில் விசில். மேகம் அருவியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஜனங்களுக்கு ஒரு கோடையில் அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த க்ஷேத்திரம் ஆலப்புழை. கீழ்நாட்டார் வெயிலுக்கு அஞ்சி மலையேறுகிற மே மாதத்தில் மலைக்காரர்கள் கடலோரம் போய்ப் புழுங்குவது என்ன நியாயம் என்று ஆட்சேபித்தவர்களும், படகுதான் வேண்டுமென்றால் இதோ கரியாலூரில் இருக்கிறதே என்று யோசனை சொன்னவர்களும் இருந்தார்கள். “அது சுத்தி வர்ற படகு; இது போற படகு” என்று ஒரே வாக்கியத்தில் தலைவர் விவாதத்தை முடித்துவிட்டார். கச்சிராயபாளையம் இறங்கி, சேலம், கோயம்புத்தூர், பாலக்காடு என்று இரவெல்லாம் வண்டி ஓடியது. இருபத்திரண்டு பேரில் இருபது பேர் தூங்கினார்கள்; தூங்காதவர்கள் டிரைவரும் தலைவரும். டிரைவராவது சாலையைப் பார்த்தார். தலைவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆலப்புழை சாமானியமான ஊரன்று. திருவிதாங்கூரைத் தர்மராஜா ஆண்ட பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கடலுக்கும் வேம்பநாட்டுக் காயலுக்கும் நடுவே கிடந்த மணற்கரையைத் துறைமுகப் பட்டினமாக்கிய திவான் ராஜா கேசவதாஸ், காயலிலிருந்து சரக்குத் தோணிகள் ஊருக்கு உள்ளேயே வந்து சேரும்படி கால்வாய்கள் வெட்டுவித்தார். மிளகும் ஏலமும் கொப்பரையும் அவற்றின் வழியே பண்டகசாலைகளை அடைந்து கப்பலேறின. 1859-இல் டாரா என்னும் அமெரிக்கர் அங்கே கயிற்றுப் பாய் நெய்யும் ஆலையை நிறுவினார். 1862-இல் கலங்கரை விளக்கமும், கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் இரும்புக் கடற்பாலமும் எழுந்தன. கீழ்த்திசை வெனிஸ் என்று கர்சன் பிரபு இதைப் புகழ்ந்ததாக ஒரு பிரசித்தமான பேச்சும் உண்டு. இவ்வளவு மகிமைக்கும் தலைவருடைய நோட்டில் ஒதுக்கப்பட்டிருந்த காலம்: “கால்வாய் – 15 நிமிஷம்”.

வாடைக் கால்வாய்க் கரையில் விசில் ஊதி எல்லோரையும் இறக்கினார். நிழல் தேடி ஒதுங்கிய கூட்டத்தில், எழுபதைத் தாண்டிய ஆயா ஒருத்தி மட்டும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு தண்ணீரையே உற்றுப் பார்த்தாள். மலையில் தண்ணீர் தான் போகும் திசையை யாரும் கேட்காமலே சொல்லிவிடும். இங்கோ ஆகாயத்தாமரை ஊதாப் பூவோடு கரைக்குக் கரை படர்ந்து, ஓர் இலைகூட நகராமல் நின்றது.

“ஏம்பா, இந்தத் தண்ணி எந்தப் பக்கம் போவுது?”

“கடலுக்குத்தான் ஆயா.”

“போவவே காணுமே? பூவு நட்ட எடத்துலயே நிக்குதே. இத்த யாரு வெட்டுனது?”

“ராஜா வெட்டுனாரு. ஏறு ஆயா, நேரமாச்சு.”

“ராஜா எங்கப்பா மம்புட்டி புடிச்சாரு? வெட்டுனவனுக்குக் கூலி குடுத்தாரா, சும்மா வெட்டச் சொன்னாரா?”

ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்த மலையில் பிறந்து வளர்ந்தவள் கேட்ட கேள்வி அது. சரித்திரப் பேராசிரியர்களே சற்று யோசித்துப் பதில் சொல்ல வேண்டியது. தலைவர் விசில் ஊதினார்.

அடுத்தபடியாகக் கயிறு திரிக்கும் கூடம் ஒன்றில் பத்து நிமிஷம். அங்கே ஒருத்தி ராட்டைச் சுழற்ற, மற்றொருத்தி இடுப்பில் கட்டிய தேங்காய் நாரை இரு கை விரல்களாலும் விட்டுக்கொண்டே பின்னோக்கி நடக்க, அவள் நடந்த தூரமெல்லாம் கயிறாக நீண்டது. முன்னோக்கி நடப்பதே முன்னேற்றம் என்று எண்ணுகிற நம்மவர்கள் அவசியம் பார்க்கவேண்டிய காட்சி. தலைவர் அதைப் பார்க்கவில்லை. வண்டியின் படியில் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

தலை எண்ணுவதில் விபரீதம் விளையும் என்பதை வீரமாமுனிவர் பரமார்த்த குரு கதையிலேயே எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சிஷ்யர்கள் தம்மை எண்ண மறந்தவர்கள். நம் தலைவர் அந்தத் தவற்றைச் செய்யக்கூடியவரல்லர். முன்னிருக்கையிலிருந்து எண்ணினால் தம்மை முதலிலும், பின்னிருக்கையிலிருந்து எண்ணினால் தம்மைக் கடைசியிலும் சேர்த்துக்கொள்வது அவர் வழக்கம். அன்று முன்னிருந்து தொடங்கி, நடுவே டீசல் விஷயமாக டிரைவரோடு ஒரு தர்க்கத்தில் இறங்கி, விட்ட இடத்தில் மறுபடி பிடித்துப் பின்னிருக்கையில் முடித்தபோது, கடைசியிலும் மார்பைத் தொட்டு “இருபத்திரண்டு” என்றார். கணக்கு சரியாயிருந்தது. வண்டி புறப்பட்டுவிட்டது.

கடற்கரையில், துருவேறி நின்ற பாலத்தின் மிச்சத்தை ஜன்னல் வழியே தரிசனம் செய்துவிட்டுப் படகுத்துறைக்கு வந்தோம். ஆணியில்லாமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்து, ஒரு காலத்தில் நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்களின் வம்சத்தில் வந்த வீட்டுப் படகுகள் அங்கே வரிசையாக நின்றன. அவற்றின் வாடகையைக் கேட்டதும் தலைவர் கூட்டத்தை அரசாங்கப் படகுக்குத் திருப்பினார். காய்கறிக் கூடையும் பிள்ளைகுட்டிகளுமாக, நெடுமுடிக்குப் போகும் டவுன் பஸ் என்றே அதைச் சொல்லலாம். கண்டக்டர், எந்த ஊர் என்று கேட்டார். “நாங்க மலையாளிங்க” என்று தலைவர் சாதிச் சான்றிதழில் உள்ளபடி பெருமையோடு சொன்னார். கல்வராயன் மலைப் பழங்குடிகளுக்கு அதுதான் பெயர் என்பதை அறியாத கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இருபத்தொரு டிக்கெட்டைக் கிழித்தார்.

“இருபத்திரண்டு” என்றார் தலைவர்.

கண்டக்டர் எண்ணிக் காட்டினார். தலைவரும் எண்ணினார். அரசாங்கத்தை ஒரு டிக்கெட் ஏமாற்ற மனமில்லாத உத்தமர், இருபத்திரண்டுக்குத்தான் காசு கொடுப்பேன் என்று வாதாடிக்கொண்டிருக்கையில், பின்பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி, “ஆயா எங்க?” என்று கேட்டாள்.

எல்லோரும் குதித்து இறங்கினோம். படகு மணி தவறாமல் புறப்பட்டுப் போயிற்று. தம் ஆயுளில் நேரந்தவறாத வாகனம் ஒன்றை அன்றுதான் சந்தித்தவர், அதைக் கரையில் நின்று வழியனுப்பினார்.

கயிற்றுக் கூடத்தில் ஆயா இடுப்பில் நாரைக் கட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள். மலையில் கத்தாழை நார் திரித்துப் பழகிய விரல்கள். அவள் பேசியது தமிழ், அவர்கள் பேசியது மலையாளம். நாள் கூலி எவ்வளவு, மழைக்காலத்தில் வேலை உண்டா, மருமகள்கள் எப்படி என்பன வரையில் பரஸ்பரம் சகலமும் விளங்கியிருந்தது. “வந்துட்டியாப்பா? மெதுவா வரலாமே” என்றாள். ஏசுவதற்காக வாயைத் திறந்த தலைவர், அங்கிருந்தவர்கள் நீட்டிய கட்டன் சாயாவை வாங்கிக் குடித்துவிட்டு, அந்த யாத்திரையில் முதன்முதலாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். முழுசாக இருபது நிமிஷம்.

அடுத்த படகில் போனோம். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயல்களை வரப்புக்கு மேலாக மிதந்துகொண்டு பார்ப்பது மலைவாசிகளுக்கு எத்தகைய விந்தை என்பதை வர்ணிக்க எனக்குச் சக்தி போதாது. அருவி விழும் ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் மேலேயும் நிலம் கீழேயும் இருப்பது தலைகீழ்ப் பாடமாக இருந்தது. தலைவர் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இன்று வெள்ளிமலை டீக்கடையில் ஆலப்புழை எப்படி என்று அவரைக் கேட்டால், “அஞ்சே முக்காலுக்கு எறங்கினோம், ஏழு பத்துக்கு இட்லி, எட்டரைக்குக் கோயில்” என்று ஒப்பிப்பார். ஆயா தன் பங்குக்கு, “மத்தியானம் போல என்னைத் தேடிக்கிட்டு வந்தாங்க” என்று தொடங்கினால், உள்பெஞ்சிலிருந்து, “மத்தியானம் இல்ல ஆயா, பதினொண்ணு நாப்பது” என்று திருத்தம் வரும். வரும் கோடைக்கு ராமேசுவரம், முன்பணம் வசூலாகிக்கொண்டிருக்கிறது. பழைய குழப்பத்துக்கு இடமில்லாதபடி இம்முறை தம்மை எண்ணவே போவதில்லை என்று தலைவர் தீர்மானித்திருக்கிறார். ஆகவே ராமேசுவரத்தில் யாரோ ஒருவர் காணாமற்போவதும், ஊரே கூடிக் கடற்கரையில் தேடுவதும் நிச்சயம்.