மஞ்சள் தலபுராணம்

ஆட்டத்தில் தில்லுமுல்லு நடந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் கடலூர் மாவட்டத்துக்கு நல்ல பழக்கம் உண்டு. முதல் வழக்கு சிதம்பரத்தில். நடராஜருக்கும் காளிக்கும் ஆடல் போட்டி, இருவரும் சளைக்கவில்லை. திடீரென்று ஐயனின் காதுக் குண்டலம் கீழே விழுகிறது, அல்லது விழவைக்கப்படுகிறது. காலாலேயே அதை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, தூக்கிய காலை இறக்காமல் நிற்கிறார். அத்தனை பேர் கூடியிருக்கும் சபையில் காளியால் அப்படிக் காலைத் தூக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்தது. நடுவராக இருந்தவர் கோவிந்தராஜப் பெருமாள் என்று ஒரு கதை. தோற்றவருக்கு அண்ணன், ஜெயித்தவருக்கு மைத்துனர். இரட்டை ஆதாயம் என்று யாரும் மனுப் போடவில்லை. காளி கோபித்துக்கொண்டு ஊரின் வடக்கு எல்லைக்குப் போனார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். பக்தர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு வாசலிலும் அர்ச்சனைத் தட்டு வாங்கினார்கள்.

இப்படியெல்லாம் சாமியைப் பேசலாமா என்று பதற வேண்டாம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் தில்லைவிடங்கனில் இருந்த மாரிமுத்தாப் பிள்ளை, 18-ஆம் நூற்றாண்டிலேயே நடராஜரைக் கிண்டல் செய்து கீர்த்தனைகள் பாடிவிட்டார். ஊர் அதை ரசித்துக் கேட்டது.

இரண்டாவது வழக்கு கடலூரில், 1690-இல். தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து வெள்ளைக்காரக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை என்று ஒப்பந்தம். கம்பெனிக்காரர்கள் நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்து, குறி தேர்ந்த ஆளை வைத்து நாலாபுறமும் சுட்டார்கள். அப்படிச் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். குண்டு உப்பலவாடி இன்னும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. பந்து பவுண்டரியைத் தாண்டினால் நாலு ரன் என்பது உலக விதி. பந்து விழுந்த இடமே பவுண்டரி என்பது கம்பெனி விதி.

இந்தப் பயிற்சியோடுதான் எங்கள் ஜனங்கள் 2013-இன் ஐ.பி.எல். சூதாட்ட விவகாரத்துக்குள் நுழைந்தார்கள்.

அதற்கும் ஒரு முன்கதை உண்டு. இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் சட்டப் புத்தகத்தில் 6.2.4 என்று ஒரு விதி. வாரியத்தில் பொறுப்பில் இருப்பவர், வாரியம் நடத்தும் ஆட்டங்களில் நேராகவோ சுற்றியோ வியாபாரம் வைத்துக்கொள்ளக் கூடாது. 2008 ஜனவரியில் ஐ.பி.எல். அணிகளை ஏலம் விட்டபோது, சென்னையை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது இந்தியா சிமெண்ட்ஸ். அதன் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன் அப்போது வாரியத்தின் பொருளாளர். செப்டம்பரில் விதியைத் திருத்தினார்கள்: ஐ.பி.எல். போன்றவை நீங்கலாக. வீட்டுக்குள் செருப்பு போடக் கூடாது, கூடம், அடுப்பங்கரை, படுக்கையறை நீங்கலாக, என்கிற மாதிரி.

இதை எதிர்த்து முதலில் கோர்ட்டுக்குப் போனவர் ஏ.சி. முத்தையா. வாரியத்தின் முன்னாள் தலைவர். இவருடைய அப்பா எம்.ஏ. சிதம்பரம், சேப்பாக்கம் மைதானத்துக்கு அவர் பெயர்தான். தாத்தா, 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். ஆகவே ‘சேப்பாக்கம் ஸ்டேடியமே எங்க ஊர் பேர்லதான் இருக்கு’ என்று கீழவீதியில் ஒருவர் சொன்னால் அது முழுப் பொய் இல்லை, முக்கால் பொய். முத்தையாவின் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னார்கள். அந்த வழக்கைப் பற்றிக் கடலூரில் யாரும் டீ ஆறும்வரை பேசியதாகத் தெரியவில்லை. அந்த வருஷம் கோப்பை நம்முடையது. சட்டத்துக்கு ஏது நேரம்?

2013 மே 16. ராஜஸ்தான் ராயல்ஸின் ஸ்ரீசாந்த், அஜித் சண்டிலா, அங்கீத் சவான் மூவரையும் டெல்லி போலீஸ் பிடித்தது. இடுப்பில் துண்டு சொருகினால் சிக்னல் என்றார்கள். கடலூர் மஞ்சக்குப்பம் டீக்கடைகளில் அன்று ஒரே தர்ம உபதேசம். ‘பணத்துக்காக இப்படியா பண்ணுவான்? கிரிக்கெட்டயே கேவலப்படுத்திட்டான்ணே.’ அடுத்த வீட்டுப் பாவத்தைக் கண்டிப்பதில் உள்ள சுகமே தனி. எட்டு நாள்தான் நீடித்தது அந்தச் சுகம். 24-ஆம் தேதி மும்பை போலீஸ் கைது செய்தது குருநாத் மெய்யப்பனை. சூதாடினார், சென்னை அணியின் உள் விவரங்களை வெளியே கொடுத்தார் என்று புகார். சீனிவாசனின் மாப்பிள்ளை. அப்போது சீனிவாசன் வாரியத்துக்கே தலைவர்.

இந்தியா சிமெண்ட்ஸ் உடனே அறிக்கை விட்டது: அவர் உரிமையாளரும் இல்லை, தலைமைப் பொறுப்பிலும் இல்லை, நிர்வாகக் குழுவில் ஒரு கௌரவ உறுப்பினர், அவ்வளவுதான். பிறகு வந்த விளக்கத்தில் அவர் வெறும் கிரிக்கெட் ஆர்வலர் ஆனார். ஏலத்தில் அணியின் மேஜையில் உட்கார்ந்தவர், ஆட்டக்காரர்களோடு கூடவே இருந்தவர், எல்லாம் ஆர்வத்தால். மாப்பிள்ளை என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்று கேட்டால் மழுப்புகிற மாமனார்களை நம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறோம். கோர்ட்டில் மழுப்பியதுதான் புதுசு. விவகாரத்தை விசாரிக்க அமர்த்தப்பட்ட நீதிபதி முத்கல் குழு இந்த ‘ஆர்வலர்’ வாதத்தை ஏற்கவில்லை.

ரசிகர்கள் ஏற்றார்கள். அதுவும் இந்தியா சிமெண்ட்ஸைவிட வேகமாக. 23-ஆம் தேதிவரை குருநாத்தை ‘நம்ம ஓனர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 25-ஆம் தேதி காலையில் ‘யாருங்க அவரு?’ என்றார்.

மறுநாள் ஞாயிறு, ஈடன் கார்டனில் இறுதியாட்டம். தமிழ்நாடு அப்போது மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த காலம். நெய்வேலியில் கரி வெட்டி ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற மாவட்டத்திலேயே எப்போது டி.வி. அணையும் என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மும்பை 148. சென்னை 125-இல் முடிந்தது. தோனி மட்டும் 63 எடுத்து அவுட் ஆகாமல் நின்றார். 23 ரன்னில் தோல்வி. வழக்கமாக இப்படித் தோற்றால் ஒரு வாரம் சோறு இறங்காது. அன்று டீக்கடை பெஞ்சில் ஒருவித நிம்மதி. ‘ஃபிக்ஸிங் பண்ணியிருந்தா ஜெயிச்சிருப்போம்ல?’ என்றார் ஒருவர். ‘தோக்குறதுக்குத்தான்யா மாமா ஃபிக்ஸிங்’ என்றான் ஒரு பையன். அவனுக்கு அதற்குப் பிறகு அந்தக் கடையில் டீ கொஞ்சம் தண்ணியாகவே வந்தது. இன்னொரு விஷயம், சூதாட்டம் பற்றி அன்று அறச்சீற்றம் கொண்ட பெஞ்சில், தலைக்கு நூறு ரூபாய் பந்தயம் கட்டாதவர் யாரும் இல்லை. காசை வாங்கி வைத்திருந்தவர் கடைக்காரர். அவரும் கௌரவ உறுப்பினர்தான்.

மே 28-இல் தோனி பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். கேள்வி மேல் கேள்வி. பதில் ஒன்றும் இல்லை, ஒரு சிரிப்பு. வேறு யாராவது அப்படிச் சிரித்திருந்தால் ‘முழிக்கிறான் பாரு திருட்டு முழி’ என்றிருப்பார்கள். இது தட்சிணாமூர்த்தியின் மௌன உபதேசம் ஆயிற்று. சிதம்பர ரகசியம் என்று எழுதத் துடிக்கும் கையை இங்கே அடக்கிக்கொள்கிறேன்.

2014 முழுக்க உச்ச நீதிமன்றம். 2015 ஜனவரி 22-இல் 6.2.4-இன் திருத்தம் செல்லாது என்றது. குருநாத் சூதாடியது நிரூபணம் என்றது. தண்டனையை முடிவுசெய்ய லோதா குழுவை அமர்த்தியது. சீனிவாசன் விசாரணையை மூடி மறைத்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றும் சொன்னது. ரசிகர்கள் கடைசி வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்தார்கள்.

2015 ஜூலை 14. அன்று அதிகாலையில் எம்.எஸ். விஸ்வநாதன் காலமானார். எல்லாச் சானலிலும் அவர் பாட்டு. மத்தியானம் கீழே ஓடும் எழுத்தில் செய்தி வந்தது: சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு வருஷத் தடை, குருநாத்துக்கும் ராஜஸ்தானின் இணை உரிமையாளர் ராஜ் குந்த்ராவுக்கும் ஆயுள் தடை. மேலே மெல்லிசை மன்னரின் சோகப் பாட்டு, கீழே இது. கண் கலங்கிய வாலிபர்களைப் பார்த்துப் பெரியவர்கள், ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கும் எம்.எஸ்.வி.ன்னா உசுரு’ என்று நெகிழ்ந்துபோனார்கள்.

அன்று சாயங்காலம் கட்சி பிரிந்தது. வடநாட்டுச் சதி என்பது பெரும்பான்மைக் கட்சி. ‘மும்பைக்காரன் மேல கைவைப்பானா?’ என்று ஆரம்பித்து, காவிரி, இந்தி, ரயில்வே பட்ஜெட் வரை போய் முடியும். இரண்டாவது சட்டக் கட்சி: சூதாடினது வேறு, ஆட்டத்தை விற்றது வேறு, இங்கிலாந்தில் சூதாட்டத்துக்கு லைசென்ஸே உண்டு என்று அண்ணாமலைநகர் டீக்கடையில் நாலு மணி நேரம் வாதாடியது. ஒன்று சொல்ல வேண்டும், இந்தக் கட்சியின் பேச்சில் பாதி நியாயம் இருந்தது. சென்னை ஆட்டக்காரர் யாரையும் லோதா குழு தண்டிக்கவில்லை. மூன்றாவது கட்சியில் ஒரே ஒருவர். ‘தப்பு தப்புதானே தம்பி, ஆனா...’ என்று தொடங்குவார். முடிக்க விட்டதில்லை.

சிதம்பரத்தில் நடராஜரைக் கிண்டல் செய்து கீர்த்தனை பாடலாம். 2015-இல் அதே தெருவில் தோனியைக் கிண்டல் செய்தவன் சட்டைப் பொத்தானைத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது.

இது நம்மூர் நோய் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2006-இல் இத்தாலியில், தங்களுக்கு வேண்டிய நடுவர்களை அமர்த்திக்கொண்ட விவகாரத்தில் யுவென்டஸ் கால்பந்து அணியின் இரண்டு பட்டங்களைப் பறித்து இரண்டாம் பிரிவுக்குத் தள்ளினார்கள். புஃபோன், டெல் பியரோ போன்ற பெரிய தலைகள் அணியோடு கூடவே கீழே இறங்கி, ஒரே வருஷத்தில் மேலே தூக்கிவந்தார்கள். பறித்த பட்டங்களை அந்த அணி இன்றும் விடாமல் தன் கணக்கில் சேர்த்தே எண்ணுகிறது. இத்தாலியச் சங்கத்தின் கணக்கில் 36, அணியின் டூரின் மைதானத்தின் கணக்கில் 38. அந்த ஊர் ரசிகரைக் கொண்டுவந்து மஞ்சக்குப்பம் பெஞ்சில் உட்காரவைத்தால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

நமக்கு அந்த வசதிகூட இல்லை. ஆட்களையே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். 2015 கடைசியில் கடலூர் வெள்ளத்தில் மிதந்தது. நிவாரணப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்ற நேரத்தில்தான் செய்தி வந்தது, தோனி புனேவுக்கு, ரெய்னா ராஜ்கோட்டுக்கு. ‘வீடு போச்சு, மாடு போச்சு, இப்ப தலயும் போயிட்டாரா?’ என்று அந்த வரிசையில் ஒருவர் அங்கலாய்த்ததை நானே கேட்டேன். அவர் எந்த இழப்பை முதலில் வைத்தார் என்று சொல்ல மாட்டேன்.

புனேயின் சட்டை கத்தரிப்பூ நிறம். கத்தரிக்காய் கொத்சுக்குப் பேர்போன சிதம்பரமே அந்த நிறத்தைச் சகிக்கவில்லை. 2016-இல் அணி ஏழாம் இடம். 2017-இல் தோனியைக் கேப்டன் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் அணி முதலாளியின் அண்ணன் ஹர்ஷ் கோயங்கா, புதுக் கேப்டன் ஸ்மித்தான் காட்டுக்கு ராஜா, தோனி எடுபடவில்லை என்கிற தோரணையில் ட்விட்டரில் ஒரு வரி போட்டார். இரண்டு வருஷமாக நீதிமன்றத் தீர்ப்பு, விசாரணை அறிக்கை, ஆயுள் தடை எதற்கும் அசையாத எங்கள் பையன்கள் அந்த ஒரு வரிக்குக் கொதித்த கொதிப்பு இருக்கிறதே! சூதாட்டம் மன்னிக்கத்தக்க குற்றம், தலயை மதிக்காதது மன்னிக்க முடியாத குற்றம். தீர்ப்பு வாசிக்கப்பட்டது, மேல்முறையீடு கிடையாது. அந்த வருஷம் புனே இறுதியாட்டத்தில் ஒரே ஒரு ரன்னில் மும்பையிடம் தோற்றது. கடலூரில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். சிலர் இரண்டையும் செய்தார்கள்.

2018-இல் வனவாசம் முடிந்து வந்தால், வாசலில் காவிரி. பிப்ரவரித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்திருந்தது, மேலாண்மை வாரியம் வரவில்லை, ஐ.பி.எல். வேண்டாம் என்று போராட்டம். கடைமடையான சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக்காரருக்கு இது வயிற்றுப் பிரச்சினை. கீழணையிலிருந்து வரும் தண்ணீர்தான் வீராணத்துக்கு. வீராணத்துத் தண்ணீரைத்தான் 2004-லிருந்து சென்னை குடிக்கிறது. ‘எங்க ஏரித் தண்ணியக் குடிச்சிட்டு எங்களுக்காக ஒரு மேட்ச நிறுத்த மாட்டீங்களா?’ என்று காலையில் மறியலில் கேட்டவரே, ஏப்ரல் 10 ராத்திரி டி.வி. முன்னால் விசிலடித்தார். கேட்டால், ‘மறியல் காலையிலதானே’ என்பார். அன்று சேப்பாக்கத்தில் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. ஆட்டத்தில் சென்னை ஜெயித்தது. மற்ற உள்ளூர் ஆட்டங்கள் எங்கே போயின தெரியுமா? புனேவுக்கு. அந்தக் கத்தரிப்பூ ஊருக்கே ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு தனி ரயில் போனது. எதிரணி ராஜஸ்தான். தண்டனைக் காலம் முடிந்த இருவரும் எதிரெதிரே நிற்க, முன்னொரு காலத்தில் ராஜஸ்தானுக்கே கேப்டனாக இருந்த வாட்சன் சென்னைக்காகச் சதம் அடித்தார். ரசிகர் கூட்டம் அதில் எந்த முரணையும் காணவில்லை. மே 27 இறுதியாட்டத்தில் அதே வாட்சன் முதல் பத்துப் பந்துகளில் ஒரு ரன்கூட எடுக்காமல் பிராணனை வாங்கிவிட்டு, கடைசியில் 57 பந்தில் 117. கோப்பை வந்தது. மஞ்சக்குப்பத்தில் ராத்திரி வெடித்த சரத்துக்குத் தீபாவளியே வெட்கப்பட வேண்டும். 2013 என்ற வருஷம் அன்றோடு காலண்டரிலிருந்து கிழிக்கப்பட்டது.

முத்கல் குழு 2014-இல் மூடி முத்திரையிட்ட உறை ஒன்றை உச்ச நீதிமன்றத்தில் கொடுத்தது. சீனிவாசனையும் சேர்த்து அதில் 13 பெயர்கள் என்று அப்போது பேச்சு. அந்த நவம்பரில் சீனிவாசன், குருநாத், குந்த்ரா, ஐ.பி.எல். அதிகாரி சுந்தர் ராமன் என்று நான்கு பெயர்கள் வெளியில் வந்தன. மற்றவை முறைப்படி இன்னும் அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கச் சொல்லி கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு தபால் கார்டுகூடப் போனதாகத் தகவல் இல்லை.