மழைக்கு இசைவாணை வழங்கக் கோரி

அனுப்புநர்:
பக்கிங்காம் கால்வாய்க் கரையில் குடியிருக்கும் ஒரு குடிமகன்,
எண்ணூர், சென்னை.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி.

பொருள்: முன்னறிவிப்பின்றிப் பெய்யும் மழையை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. 1974ஆம் ஆண்டு நீர் (மாசு தடுப்பு, கட்டுப்பாடு) சட்டம், பிரிவு 21. 2. நேற்றிரவு பெய்த மழை.

ஐயா,

தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது என்னவென்றால், மழை எனப்படும் ஒரு பேர்வழி, எந்த இசைவாணையும் பெறாமல், பெரும்பாலும் இரவு நேரத்தில், எங்கள் பகுதி ஆலை வளாகங்களுக்குள் புகுந்து, கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கால்வாயில் போட்டுவிட்டுப் போகிறது. ஆலைகள் அப்பாவிகள். இதை நானாகச் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்று முகத்துவாரம் வரை வந்து கடலிலும் பரவியது. சுமார் 20 சதுர கிலோமீட்டர் என்று கடலோரக் காவல் படை வானிலிருந்து பார்த்துச் சொன்னது. தன் குழாய்களில் கசிவு இல்லை என்றது மணலியிலுள்ள சென்னை பெட்ரோலிய நிறுவனம். தாங்கள் ஆய்வு செய்து, அந்த வளாகத்தில் மழைநீர் மேலாண்மை சரியில்லாததால் எண்ணெய் வெள்ளத்தோடு வெளியேறிவிட்டது என்றீர்கள். குழாய் கசியவில்லை, மழைதான் கசிந்திருக்கிறது. குற்றவாளி யார் என்பதில் இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

அந்த நாட்களில் குப்பத்து வீடுகளின் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு. அதற்குக் கீழே இருந்த வலை, துணி, அரிசிப் பானை எல்லாவற்றிலும் பிசுபிசுப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் கோடு அகலமாகும், போகாது. எண்ணெயை அள்ள இறங்கிய மீனவர்களின் கையில் இருந்தவை வாளியும் மக்கும். பேரிடர் மேலாண்மையில் மக்கின் பங்கு குறித்துத் தாங்கள் ஒரு கருத்தரங்கு நடத்தினால் வந்து பேச எங்களிடம் அனுபவஸ்தர்கள் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குற்றவாளியைப் பிடிப்பதில் தங்களுக்கு இருக்கும் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. பிரிவு 21 சொல்வது என்ன? கழிவுநீர் மாதிரி எடுக்கும்போது அங்கேயே ஆலைக்காரருக்கு நோட்டீஸ் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, இருதரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த முறைப்படி எடுக்காத மாதிரியின் முடிவு நீதிமன்றத்தில் செல்லாது. நல்ல சட்டம்தான். பகல் பதினொரு மணிக்கு, வெயிலில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய (இ.டி.பி.) வாயிலில் நின்று எடுப்பதற்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு முழங்கால் தண்ணீரில், குடையும் டார்ச்சும் பாட்டிலுமாக நிற்கும் உதவிப் பொறியாளர் யாரிடம் நோட்டீஸ் நீட்டுவார்? காகிதம் நனையாமலா இருக்கும்?

கரையில் இருக்கும் நாங்கள் பிடித்துத் தரலாமே என்றால், எங்கள் பாட்டிலுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. வேண்டுமானால் பிரிவு 49இன்படி தங்களுக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நீதிமன்றம் போகலாம். மழை அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறது. மீதி ஐம்பத்தொன்பது நாள், இருபத்து மூன்றரை மணி நேரத்தில் நாங்கள் என்ன செய்வது என்று சட்டத்தில் காணோம்.

அரை மணி என்று சும்மா சொல்லவில்லை. ஆலைக்குள் மாதக்கணக்கில் என்னென்ன சேர்கிறது பாருங்கள். லாரி ஏற்றுமிடத்தில் சொட்டிய எண்ணெய், ஃபோர்க்லிஃப்ட் கிரீஸ், துருப்பிடித்த டிரம், நிலக்கரித் தூள், அனல்மின் நிலையச் சாம்பல். முதல் மழையின் முதல் தண்ணீர் இதையெல்லாம் ஒரே வாரில் வாரிக்கொண்டு ஓடுகிறது. ஒரு மணி நேரம் கழித்து அதே வடிகாலில் பிடித்தால் ஏறக்குறையத் தெளிந்த தண்ணீர் கிடைக்கும். மறுநாள் காலை பத்து மணிக்குப் பிடித்தால் ஆலைக்குப் பாராட்டுப் பத்திரமே தரலாம்.

எண்ணெய்க் கிடங்குகளில் இன்னொன்று உண்டு. தொட்டிகளைச் சுற்றி டைக் என்று ஒரு சுவர் எழுப்பி, அதில் ஒரு வால்வு வைத்திருப்பார்கள். வால்வு மூடியே இருக்க வேண்டும். உள்ளே மழைநீர் தேங்கினால், மேலே எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்து, மிதந்தால் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கும், சுத்தமாக இருந்தால் மட்டும் மழைநீர் வடிகாலுக்கும் விட வேண்டும். இதுதான் முறை. தொட்டி மூழ்கிவிடுமோ என்ற பயத்தில் நைட் ஷிஃப்ட்டில் ஒற்றை ஆளாக நிற்பவர் அந்த இருட்டில் எதைப் பார்ப்பார்? வால்வைத்தான் பார்ப்பார். தாங்கள் இசைவாணையில் மழைநீரும் கழிவுநீரும் கலக்கக் கூடாது என்று ஒரு வரி போட்டிருப்பீர்கள். அந்த வரி அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நனையாமல் பத்திரமாக இருக்கும்.

ஆலைகளில் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவி இருக்கிறதே என்பீர்கள். 17 வகை ஆலைகளுக்கு அதை வைக்கும்படி மத்திய வாரியம் 2014இல் உத்தரவிட்டது. அது முன்வாசலில் நிற்கும் காவலர். திருடன் பின்வாசல் வழியாகப் போனால் அவர் என்ன செய்வார், பாவம்? இ.டி.பி. குழாயில் பி.எச். இத்தனை என்று கிண்டிக்கு இரவெல்லாம் ஒழுங்காகத் தகவல் போய்க்கொண்டே இருக்கும்.

அமெரிக்கக்காரர்களுக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. 1987இல் தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, ஆலையில் விழுந்து ஓடும் மழைநீருக்கும் அனுமதி வாங்கு என்று சொல்லிவிட்டார்கள். அங்கே பொது அனுமதி விதிப்படி, வடிகாலில் தண்ணீர் ஓடத் தொடங்கிய முதல் 30 நிமிடத்துக்குள் மாதிரி பிடிக்க வேண்டும். முந்தைய மழைக்கும் இதற்கும் 72 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதுபோக மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறமற்ற பாட்டிலில் பிடித்து, நிறம் என்ன, நாற்றம் உண்டா, நுரை உண்டா, மேலே எண்ணெய்ப் படலம் மினுங்குகிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஆலைக்காரரே பிடித்து ஆலைக்காரரே எழுதுகிற கணக்கு என்பதால் அங்கேயும் எழுத்து அழகாகத்தான் இருக்குமென்று நினைக்கிறேன். ஆனால் மழையில் நனைந்தபடி பாட்டில் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.

நம்மிடமும் வெறுங்கண் ஆய்வு இல்லாமல் இல்லை. 2017இல் மழைக்குப் பிறகு நொய்யலில் நுரை பொங்கியபோது, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் கே.சி. கருப்பணன், மக்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். ஆய்வகச் செலவு மிச்சம்.

எனது பணிவான கோரிக்கை எளிது. தாங்கள் ஆலைகளுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்றெல்லாம் நிறம் பிரித்திருக்கிறீர்கள். நுங்கம்பாக்கம் வானிலை மையமும் மழைக்குச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று நிறம் சொல்கிறது. அவர்களுடைய சிவப்பு வந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு. தங்களுடைய சிவப்பு வருடம் முழுவதும் வேலை செய்கிறது. இந்த இரண்டு சிவப்பும் ஒரே நாளில், ஒரே வடிகால் ஓரத்தில் சந்திக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அது நடைமுறைக்கு ஒத்துவராது என்றால், மழையையே சிவப்பு வகை ஆலையாக அறிவித்து, வேலை நாட்களில் காலை பத்து முதல் மாலை ஐந்தே முக்கால் வரை மட்டும், எழுத்துமூலம் முன்னறிவித்துப் பெய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு இசைவாணை வழங்கலாம். மீறினால் மின் இணைப்பைத் துண்டிக்கலாம். இடி மின்னலாவது குறையும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு குடிமகன்.

இணைப்பு: நேற்றிரவு 2.10க்கு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு மதில் சுவருக்கு வெளியே பிடித்த வடிகால் நீர், ஒரு லிட்டர். அகன்ற வாய்க் கண்ணாடி பாட்டில். பிளாஸ்டிக் என்றால் எண்ணெய் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டும். அதே காரணத்தால் அந்தத் தண்ணீரிலேயே பாட்டிலை முன்கூட்டி அலசவும் இல்லை. எண்ணெய்க்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு என்று அறிவேன். இதில் அளவு பார்க்க ஸ்கேல் போதும். ஐஸ் பெட்டி கிடைக்காததால் மீன் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். ஆலைக்காரர் கையெழுத்து: கேட்டோம். சார் தூங்குகிறார், மழை விட்டதும் வாருங்கள் என்றார் வாட்ச்மேன்.